எந்த இரைக்கு விரால் வரும்?

"அந்த ரப்பர் தவளையைப் பெட்டியிலயே வெச்சிடுங்க மாப்ள. நம்மூரு மீனு அதைப் பாத்தா சிரிச்சிட்டுப் போயிடும்."

மாமனார் அரங்கநாதன் இப்படிச் சொன்னதும் தீனதயாளனின் முகம் சுருங்கிவிட்டது. தலைதீபாவளிக்குக் கச்சிராயபாளையம் வருவதற்காகவே ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கிய செயற்கை இரைப் பெட்டி அது. பச்சைத் தவளை, மஞ்சள் தவளை, மினுமினுக்கும் தகட்டு மீன் என்று பதினாலு வகை உள்ளே இருந்தது.

இத்தனைக்கும் புள்ளையாண்டான் அதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. செல்போனில் வீடியோ பார்த்ததோடு சரி. கல்யாணத்தன்று மாமனார் தன் தூண்டில் பிரதாபங்களை அளந்துகொண்டிருந்தபோது, பேச்சுக்குப் பேச்சு இருக்கட்டுமே என்று, "எனக்கும் தூண்டில்னா உசுரு மாமா" என்று வாயை விட்டுவிட்டான். அம்பத்தூர் கம்பெனிக்காரனை யார் வந்து சோதிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

சோதனை வந்தேவிட்டது. தீபாவளி நோன்பு முடிந்த மறுநாள் மாப்பிள்ளை பிடிக்கிற விராலில்தான் குழம்பு என்று அரங்கநாதன் தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். வெறுங்கையோடு போனால் ஆயுசுக்கும் அவன் பெயர் 'மீன்கார மாப்பிள்ளை'தான்.

அணைக்குக் கீழே ஆறு வளைகிற மடுவில் காலை ஏழு மணிக்கே இருவரும் தூண்டிலோடு உட்கார்ந்தாயிற்று. நாணலுக்கு அந்தப் பக்கம் வேடியப்பன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மீன்தான் பிழைப்பு.

"மலையில மழை. செந்தண்ணியா வருது பாருங்க" என்று ஆரம்பித்தார் அரங்கநாதன். "கலங்கின தண்ணில மீனுக்குக் கண்ணு வேலைக்கு ஆவாது, மூக்குதான். அதுக்குத்தான் கோழிக்குடலை ஒரு நாள் பூரா வெயில்ல போட்டு எடுத்தாந்திருக்கேன். நாத்தம் ஜாஸ்தியானா மீனு பெருசா வரும்."

"மண்புழு போட்டா மாமா?"

"அது கெளுத்திக்கு. கெண்டைக்கு மைதா மாவு. விராலு வேணும்னா உசுரோட தவளை, இல்லனா குடலு. இதெல்லாம் கரையில குந்திக்கினு வருசக்கணக்கா கத்துக்கினது மாப்ள. போனைப் பாத்தா வருமா?"

தீனதயாளனுக்குப் பகீரென்றது. மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரோ? வாயை மூடிக்கொண்டு, மூக்கையும் பிடித்துக்கொண்டு, குடலை முள்ளில் கோத்துப் போட்டான். அரை மணி நேரம் தக்கை அசையவில்லை. மண்புழுவுக்கு மாறினான். அதை ஏதோ ஒரு பொடி மீன் நோகாமல் தின்றுவிட்டுப் போயிற்று. மைதா மாவு கரைந்தே போய்விட்டது. மாமனார் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து மஞ்சள் தவளையைக்கூட வீசிப் பார்த்தான். மீன்கள் சிரித்தனவோ என்னவோ, ஒன்றும் வரவில்லை.

பத்து மணிக்கு மனைவி ராதிகா போன் செய்தாள்.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? மசாலா அரைச்சு, புளி கரைச்சு, மாங்காகூட நறுக்கி வெச்சாச்சு. பெரியப்பா வூட்டுல எல்லாரும் வந்துட்டாங்க. மாப்ள மீனு எங்க, மாப்ள மீனு எங்கன்னு கேட்டுக்கினே இருக்காங்க. என் மானத்தை வாங்கிடாதீங்க."

"இதோ, வர்ற மாதிரிதான் இருக்கு" என்று குழறிவிட்டுப் போனை வைத்தான்.

அப்போது அரங்கநாதன் எழுந்து நின்று குரல் கொடுத்தார். "வேடியப்பா, என் தூண்டிலு பாசில மாட்டிக்கிச்சு. கொஞ்சம் எடுத்து வுடுப்பா."

வேடியப்பன் முங்கி, பாசியைப் பிய்த்துக் கரையில் போட்டுவிட்டு மறுபடி நாணல் பக்கம் போனார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அரங்கநாதனின் தக்கை விருட்டென்று உள்ளே போயிற்று. மனுஷன் ஒரே சுண்டு. கை நீளத்துக்கு ஒரு விரால் கரையில் விழுந்து துள்ளியது.

"பாத்தீங்களா மாப்ள? எல்லாம் இரையிலதான் இருக்குது. இது என் மீனு. உங்க மீனு ஒண்ணு வந்துட்டா கெளம்பிடலாம். ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேன் இல்ல? இருங்க, டீ வாங்கியாறேன்."

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், தீனதயாளன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நாணலுக்குப் பின்னால் ஓடினான்.

"அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும். சத்தியமா எனக்கு மீனே பிடிக்கத் தெரியாது. வாய் சவடால் விட்டு மாட்டிக்கிட்டேன். உங்க வலையில விழுந்த விரால் ஒண்ணை என் தூண்டில் முள்ளுல கோத்து விட்டுடுங்க. மாமா வந்ததும் நான் இழுத்துக்கறேன். இந்தப் பித்தலாட்டத்தைக் கேக்கவே வெக்கமா இருக்கு, ஆனா எனக்கு வேற வழியில்ல."

வேடியப்பன் ஈரத் தலையைச் சொறிந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இதுல வெக்கப்பட இன்னாங்க இருக்குது? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? இன்னிக்கு வலையில விழுந்தது ஒரே ஒரு விராலு. அதை எப்பவும் போல உங்க மாமனாரு தூண்டில்ல கோத்து வுட்டுட்டேனே."