முந்திக்கொள்ளும் கணினி

டிவி தொடர்களுக்கு வசனம் எழுதும் பிரிசில்லா ஒரு சொல்லைத் தட்டினால் போதும், மிச்சத்தைக் கணினியே எழுதிவிடும். அதுவும் அவள் மனதில் இருந்ததையே எழுதும். அதனாலேயே மூன்று மாதமாக அவளுக்கு எழுதவே கை வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினாள். ராஜினாமாக் கடிதம் முழுசாக, பிழையில்லாமல் வந்து நின்றது.

"இதையும் நீதான் எழுதணுமா?"

கோபம் சுள்ளென்று ஏறியது. கடிதத்தை அழித்துவிட்டு, வேண்டுமென்றே, "மருமகள் மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்" என்று தட்டினாள்.

அந்த வரிக்குப் பின் திரையில் வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு கணினி தயங்கித் தயங்கிக் கேட்டது: "ஏன் ஓடினாள், மேடம்?"

அது பிரிசில்லாவுக்கே தெரியாது. இருந்தாலும் நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பறக்காதே, சொல்றேன்" என்றாள். ஒவ்வொரு வரியாகத் தானே தட்டி, சாயங்காலம் வரை அதைத் தவிக்கவிட்டாள்.