உயர வரிசை

விசில் வீறிட்டது. பிரேயருக்கு வரிசை கட்ட எல்லோரும் ஓடினார்கள். ஆப்பரேஷன் முடிந்து பல மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்திருந்த மிருதுளா மட்டும் மெதுவாக நடந்து, வழக்கம்போல பெனாசிருக்கு முன்னால் போய் நின்றாள். முன்பு வளைந்திருந்த அவள் முதுகைக் கேலி செய்யாத ஒரே தோழி பெனாசிர்.

"ஏம்மா, உயர வரிசை தெரியாதா? நீ இப்ப கடைசி" என்றார் பி.டி. சார்.

முதுகுத்தண்டில் கம்பி வைத்து நிமிர்த்தியதில் அவள் சட்டென்று உயர்ந்துவிட்டாள். வகுப்பில் பெஞ்சும் இதே வரிசைப்படிதான்.

"இங்கேயே நிக்கிறேன் சார்."

"ஒட்டகச்சிவிங்கி முன்னால நின்னா கொடி யாருக்குத் தெரியும்? போ, போ."

எல்லோரும் சிரித்தார்கள். மிருதுளா தோளைத் தாழ்த்தினாள். கூன் போட்டுப் பார்த்தாள். இத்தனை வருடம் தானாக வளைந்த முதுகு இப்போது கொஞ்சமும் இணங்கவில்லை. அவள் பின்னால் போனதும் அந்த இடத்துக்கு வேறொருத்தி நகர்ந்து வந்து, பெனாசிரின் காதில் ஏதோ சொன்னாள். பெனாசிர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் பள்ளி வாசலிலேயே அம்மா பூரிப்போடு கேட்டாள். "எம் பொண்ணு நிமிந்து நிக்கிறதப் பாத்து எல்லாரும் அசந்துட்டாங்களாடி?"

"இந்தக் கம்பிய எப்பம்மா கழட்டுவாங்க?"