வெருளித் தடியில் கட்டிய படம்

போரால் பாதை பூட்டிய தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுப்பிட்டிக்குப் பூச்சிமருந்து வரவில்லை. ஏரம்புவின் புகையிலைத் தோட்டத்தைப் புழு தின்றுகொண்டிருந்தது. அவரும் மனைவி கனகாம்பிகையும் தினமும் காலையில் பொறுக்கிக் கொன்றார்கள். மறுநாளும் அதேயளவு இருந்தது. இந்தப் போகமும் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் இல்லை.

வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பூச்சிப் படம் ஒன்று கிடந்தது. ஒரு புகையிலையில் ஏழு புழுக்கள். அளவு தெரிவதற்காக, காம்பைப் பிடித்திருக்கும் ஒரு வலக்கையையும் வரைந்திருந்தார்கள். கண்ணூறு படாமல் வெருளி கட்டும் தடியில் ஏரம்பு அதைக் கட்டினார்.

"புழுவுக்குப் புழுவின்ரை படத்தைக் காட்டி வெருட்டப்போறியளோ?" என்று கனகாம்பிகை சிரித்தாள்.

மறுநாள் தோட்டத்தில் ஒரு புழுவும் இல்லை. படத்திலிருந்த இலையில் ஓட்டைகள் விழுந்திருந்தன. நாலாம் நாள் அதில் நரம்பு மட்டும் மிஞ்சியது. ஐந்தாம் நாள் ஏழு புழுக்களும் வரைந்த கையின் சுண்டுவிரலில் இருந்தன. அதன் நகத்தைக் காணவில்லை.

"என்னப்பா, வலக்கை விரலிலை சீலை சுத்தியிருக்கிறியள்?" என்று கனகாம்பிகை கணவனைக் கேட்டாள்.

"கத்தி பட்டிட்டுது."

"கவனமப்பா. இன்னும் பன்னிரண்டு நாளிலை இலை வெட்டலாம்" என்றாள் அவள். அவள் முகம் அப்படி மலர்ந்து மாதக்கணக்காகியிருந்தது.

ஏரம்பு சீலை சுற்றாத விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு தடியருகே போய், படத்தின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.