ஏழாம் அத்தியாயம்

"சிவப்பு ஃபைலே போதும் மேடம். நல்ல கண்டிப்பான திட்டம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அதுதான் சரிப்பட்டு வரும்" என்றார் மொழி ஆசிரியர்.

தலைமையாசிரியையின் அறையில் ஐந்து பேர் கொண்ட குழு கூடியிருந்தது. ஏ.ஐ. என்றால் என்ன, அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்திருந்தவை இரண்டு. ஒன்று சிவப்பு ஃபைலில், மற்றது நீல ஃபைலில்.

ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

நீலத் திட்டத்தில், மெஷினைக் கேட்டு எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசி, திரும்ப எழுத வைக்க வேண்டும். சிவப்பில் பேச்சே கிடையாது. அந்த வருடப் பரீட்சை ரத்து.

அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் அவளுடைய மகள் மேல், கட்டுரையை அப்படி எழுதியதாக ஒரு புகார் இருந்தது. எந்தத் திட்டம் தேர்வாகிறதோ அதன்படியே அவளுக்கும் தீர்ப்பு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிட்டேன். என்கிட்டயா?" என்று மொழி ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் மார்தட்டியிருந்தார். "எச்சரிச்சு விட்டுடுவாங்கம்மா. நீங்க வாயைத் திறக்காம இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று டைப்பிஸ்டிடம் தனியாகச் சொல்லியும் இருந்தார்.

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வேலை இவர்கள் தயவில்தான் ஓடுகிறது.

"ஒரு வருஷமே வீணாப் போகுமே சார். கொஞ்சம் அதிகமில்லையா?" என்று இழுத்தார் கணக்கு டீச்சர்.

"ஏழாம் அத்தியாயம் படிச்சீங்கள்ல டீச்சர்? தண்டனை வாங்கின பிள்ளைக்கு மனநல ஆலோசனை, அம்மா அப்பாவுக்குப் பயிற்சி, எல்லாம் விலாவாரியா இருக்கே!" என்றார் மொழி ஆசிரியர்.

"ஆமா, அதுதான் இந்தத் திட்டத்துக்கே உயிர்நாடி" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"எனக்குப் பிடிச்சதே அந்த அத்தியாயம்தான்" என்றார் நூலகர்.

கணக்கு டீச்சரும் தலையாட்டிவிட்டார்.

டைப்பிஸ்டின் பேனா நின்றது. அந்த ஃபைல்களை ஆளுக்கு ஒன்றாக ஜெராக்ஸ் எடுத்து, ஓட்டை போட்டு, கயிறு கட்டியவள் அவள்தான்.

"மேடம், ஏழாம் அத்தியாயம் எத்தனாவது பக்கம்? மினிட்ஸ்ல போடணும்."

ஐந்து பேரும் ஃபைலை எடுத்தார்கள். அவள் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. நூலகருக்கு முடிச்சை அவிழ்க்கவே பாடாக இருந்தது.

"ஆறோட முடியுதே!" என்றார் கணக்கு டீச்சர். "சார், நீங்க அனுப்பின சுருக்கத்தை நம்பித்தானே நாங்க எல்லாரும் சொன்னோம்?"

மொழி ஆசிரியர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முழுசாப் படிக்க நேரம் எங்க இருக்கு? மெஷின்ல போட்டுச் சுருக்கித் தரச் சொன்னேன். அது தன் இஷ்டத்துக்கு ஒண்ணைச் சேர்த்திருக்கு போல."

தலைமையாசிரியை தன் ஃபைலை மூடி வைத்தார்.

"சரி, விடுங்க. இதையெல்லாம் மினிட்ஸ்ல எழுத வேண்டாம்மா. 'முழுமையாகப் படித்துப் பார்த்து, ஏகமனதாகச் சிவப்புத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம்'னு போடுங்க. திரும்ப ஒரு தடவை உட்கார யாருக்கு நேரம் இருக்கு?"

"அப்ப என் பொண்ணு விஷயம், மேடம்?"

"அது வேற, இது வேறம்மா. இது ஆபீஸ் வேலை. அது ஒழுக்கம். பரீட்சை ரத்துன்னு அடுத்த வரியில எழுதிடுங்க."

மொழி ஆசிரியருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அதானே! கையும் களவுமா பிடிபட்ட பிள்ளையை விட்டுட்டா, நாளைக்கு யாருக்குப் பயம் இருக்கும்?"

டைப்பிஸ்ட் எழுதினாள். பெற்ற பிள்ளையின் ஒரு வருடத்தை அவள் கையாலேயே அடித்துவிடச் சொல்கிறார்களே, பாவிகள்!

எழுதி முடித்ததும் நோட்டை மூடி வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. கைப்பையைத் திறந்து, மகளின் கட்டுரைத் தாளை எடுத்துத் தலைமையாசிரியையின் முன்னால் விரித்தாள்.

இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு மதிப்பெண். அதன் கீழே மொழி ஆசிரியரின் கையெழுத்தில், "அருமை! சொந்தச் சிந்தனை!"

"என் பொண்ணு மெஷினைக் கேட்டுத்தான் எழுதினா, தப்புதான். ஆனா அவளை யாரும் பிடிக்கல மேடம்" என்றாள் டைப்பிஸ்ட். "இந்த மார்க் வந்த அன்னிக்கு, 'இது நான் எழுதினது இல்ல சார், இந்த மார்க் எனக்கு வேண்டாம்'னு அவளேதான் போய் சார்கிட்ட சொல்லியிருக்கா."