மூன்று ராத்தல் மருந்து

ஒரு கிணறு எவ்வளவு பிளீச்சிங் பவுடரைத் தாங்கும், உங்களால் சொல்ல முடியுமா? சுகாதார இன்ஸ்பெக்டர் குலாம் ரசூலால் முடியவில்லை.

"முக்கால் ராத்தல்னு பட்டியல்ல போட்டிருக்குதுங்க சார். அதை நேத்தே போட்டுட்டோம். இன்னிக்கும் எதுக்குங்க?" வாளியில் பொடியைக் கலக்கிக்கொண்டே கேட்டான் பியூன் எல்லப்பன்.

"பட்டியல் போட்டவன் இந்த டிரம்மைப் பார்க்கலியேப்பா. பழசு. வீரியம் போயிருக்கு. காலையில மங்கம்மா வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சேன், மருந்து வாசமே இல்லை. லேசா வாசம் வரணும், அதுதான் கணக்கு. ஒன்றரை ராத்தல் போடு."

"இங்கியே மோந்து பாத்துடலாமே சார்?"

"என் சட்டை, உன் வேட்டி, இந்த வாளி, எல்லாமே அந்த வாசம்தான். நம்ம மூக்கு சாட்சிக்கு ஆகாது."

"அப்ப ஊர் ஜனங்களக் கேளுங்க."

"கேட்டா, சர்க்கார் ஆளுக்குப் பயந்து பேஷா இருக்குதும்பாங்க. கேக்கவே கூடாது. சும்மா தாகம்னு வாங்கிக் குடிச்சுப் பாக்கணும்."

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்வந்த இரண்டு பேர் போன வாரம் பக்கத்து ஊரில் காலராவில் இறந்திருந்தார்கள். மைசூர் எல்லையை ஒட்டிய இந்தச் சின்ன ஊருக்கு அது இன்னும் வரவில்லை. ஊருக்கு ஒரே கிணறு, படிக்கிணறு. அதைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று ரசூல் நம்பினார்.

மறுநாளும் மங்கம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்க சாயபு! இந்த வெயில்ல இப்பிடி அலைஞ்சா என்னாத்துக்கு ஆவறது? குந்துங்க." மங்கம்மா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். "எம் பொண்ணு காவேரி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்குது. ஒம்பதாம் மாசம். அந்தப் பாழாப்போன நோவு இந்த வாசப்படி மிதிக்காம பாத்துக்கோங்க."

"எனக்கும் ராமநாதபுரத்துல இதே வயசுல ஒரு மக இருக்காம்மா. பாத்து எட்டு மாசமாச்சு. கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்."

தண்ணீர் ஜில்லென்று இனித்தது. மருந்து வாசம் துளிகூட இல்லை.

ரசூல் கிணற்றுக்கு ஓடினார். எல்லப்பன் எட்டிப் பார்த்தான்.

"தண்ணி நாலு படி மேல ஏறிக்கிச்சுங்க சார். அதான் மருந்து நீத்துப் போவுது."

"அப்போ மூணு ராத்தல் போடு."

"தேவுடா! இதுக்குக் கெணத்துக்கு வெள்ளையே அடிச்சுடலாங்க."

"சிரிக்காதே. அந்த வீட்டுல ரெண்டு உசிரு என்னை நம்பிக்கிட்டு இருக்கு."

எல்லப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு, டிரம்மை வழித்துக் கொட்டினான்.

அடுத்த நாள் குடித்த தண்ணீரும் அப்படியே இருந்தது. இனிப்பு. ரசூல் செம்பைக் கீழே வைத்தார். கேட்கவே கூடாது என்றிருந்தவர், வேறு வழியில்லாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, மூணு ராத்தல் மருந்து போட்டிருக்கேன். உங்க வீட்டுத் தண்ணியில கொஞ்சங்கூட வாசம் வரலியே?"

மங்கம்மா சிரித்தாள்.

"கெணத்துத் தண்ணியா? வீட்டுக்கு வந்த மனுசனுக்கு அந்த நாத்தத்தையா குடுப்பேன்? நீங்க மொத நாள் மருந்து போட்டப்பவே வாயில வெக்க முடியல சாயபு. சர்க்கார் மருந்து, வேணாம்னு சொல்லவும் பயம். அன்னியிலேருந்து ஊரே எல்லைக்கு அந்தாண்ட இருக்கிற குட்டையிலதான் மொண்டு வருது. தெனமும் நீங்க குடிச்சதும் அதாங்க."

உள்ளே காவேரி பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளுக்குக் காலரா கண்டது.