உனக்கு இல்லாத விமானம்

“விமானம் உனக்கு இல்ல. கிளம்பு.”

வெஸ் ஆடிப்போனான். கடன் சங்கம் கொடுத்த நாற்பதாயிரம் டாலர் காசோலை கையில் அப்படியே இருந்தது.

“என்னம்மா இது! வெள்ளிக்கிழமைதானே பேசி முடிச்சோம்?”

“முடிச்சோம். இப்ப மனசு மாறிடுச்சு.”

அகாஃபியா கதவைச் சாத்திவிட்டாள்.

அலாஸ்காவின் அந்தக் கடலோர ஊரிலிருந்து வெளியே போக ரோடு கிடையாது. பல்வலி என்றால்கூடப் பறந்துதான் ஆகவேண்டும். ஐந்து வருஷம் சால்மன் மீன் பிடித்து முன்பணம் சேர்த்திருந்தான் வெஸ். பதினொரு பழைய விமானங்களைப் பார்த்துவிட்டான். ஒன்றில் எஞ்சின் போயிருந்தது, ஒன்றுக்குப் பாதி ஆவணங்கள் இல்லை. கடைசியில் மனசுக்குப் பிடித்தது, புருஷன் போனபின் அகாஃபியா விற்க வைத்திருந்த இந்த நாலு சீட்டு விமானம்தான்.

“எவனோ கூடக் குடுத்திருப்பான்” என்றாள் அவன் மனைவி டெஸ்.

மறுநாள் காலை பெட்ரோல் போடப் போனவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

“வித்துட்டாங்களாம், வெஸ்! லூகின்னு ஒருத்தனுக்கு. எவ்வளவுக்குத் தெரியுமா? ஏழாயிரம்!”

“ஏழாயிரமா!”

“நம்ம நாப்பதாயிரம் கசந்துடுச்சா அந்தம்மாவுக்கு? நாம வந்தேறிங்கன்னு இளக்காரம். வேற என்ன?”

வெஸ் வண்டியை விரட்டிக்கொண்டு ஓடுதளத்துக்குப் போனான்.

விமானத்தின் இடது றெக்கை இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அறுவை இயந்திரத்தோடு ஒருவன் நின்றிருந்தான்.

“அடப்பாவி! பறக்கிற விமானத்தையா அறுக்கிற? நீதான் லூகினா?”

“ஆமாங்க. பழைய இரும்பு யாவாரம். நீங்க வெஸ்தானே? இங்க வந்து பாருங்க.”

றெக்கையைத் தாங்க உள்ளே ஓடும் தண்டை விரலால் தொட்டுக் காட்டினான். உப்பு அரித்து, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

“கைமாத்தறதுக்கு முன்னால அந்தம்மா சொந்தச் செலவுல மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து பாத்திருக்காங்க. பலமா ஒரு காத்தடிச்சா றெக்கையே முறிஞ்சிடும்னு சொல்லிட்டான்.”

வெஸ் குனிந்து பார்த்தான். முகம் சிவந்தது.

“இவ்வளவுதானா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? விலையைக் குறைச்சிருந்தா நானே வாங்கி, ஒரு தகடு வெச்சு ஒட்டி ஓட்டியிருப்பேனே!”

லூகின் இயந்திரத்தைக் கீழே வைத்தான்.

“இதையேதான் நீங்க சொல்வீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. பெண்டாட்டி, பிள்ளைங்களோட ஏறிடுவீங்கன்னு பயந்து, நான் ரெண்டா அறுக்கிற வரைக்கும் இங்கயே நின்னுட்டு இப்பதான் வீட்டுக்குப் போறாங்க.”