அடுப்படி அலமாரிக் கதவு

“எங்க குடும்பத்துல ஆம்பளைங்க அடுப்படிக்குள்ள கால் வைக்க மாட்டாங்க, தெரியும்ல?” என்றான் கலூலே. அவன் அப்பா காலத்துச் சட்டம். அவர்கள் ஊரான மசாக்காவில் இன்னும் செல்லுபடியாகிறது.

“சமைக்கவா கூப்பிட்டேன்? அலமாரிக் கதவு கழண்டு தொங்குது. ரிப்பேர் பாக்குறது ஆம்பள வேலைதானே?” என்றாள் மனைவி நகிமுலி.

போய்க் கதவை மாட்டினான். மரம் மங்கி அழுக்கேறிக் கிடந்தது கண்ணை உறுத்தவே, உப்புத்தாள் வாங்கிவந்து அலமாரியின் எல்லாக் கதவுகளையும் தேய்க்க ஆரம்பித்தான்.

“வேர்க்கடலைக் குழம்பு அடிப்பிடிக்குது. பக்கத்துலதான இருக்கீங்க, கொஞ்சம் கிண்டிவிடுங்க.”

கிண்டினான்.

மறுநாள் வார்னிஷ் அடித்தான்.

“அது காயற வரைக்கும் சும்மாதான நிக்கிறீங்க? வாழைக்காயைத் தோலுரிங்களேன்.”

உரித்தான்.

கடைசிக் கதவும் பளபளத்த அன்று, வாழைக்காயை இலையில் கட்டி வேகவைத்ததே அவன்தான்.

“வேலை முடிஞ்சுது. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு, கொல்லைக்குக் கை கழுவப் போனான்.

நகிமுலி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த திருப்புளியை எடுத்தாள். அன்றைக்கு அவளே கழற்றிவிட்ட அதே கதவுதான். திருகாணியில் வைத்துத் திருப்பப் போனவள் நின்றுவிட்டாள்.

அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

கொல்லையில் கலூலே சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.